ஆறடிப் பலகையில் நாலு லைன்: எந்தப் பாயிண்ட் வாங்குவது?

கேள்வி: மாடல் ரயிலுக்காகச் சுவரோரமாக 6 அடி நீளம், 1 அடி அகலத்தில் ஒரு பலகை இருக்கிறது. அதில் எச்ஓ அளவில் (நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு) நாலு லைன் உள்ள கூட்ஸ் யார்டு அமைக்க ஆசை. பெக்கோ கம்பெனியின் பாயிண்ட் (ரயிலை ஒரு லைனிலிருந்து இன்னொரு லைனுக்குத் திருப்பும் தண்டவாளப் பிரிவு) வாங்கப் போனால் ஸ்மால், மீடியம், லார்ஜ் என்கிறார்கள்; இன்சுல்ஃப்ராக், எலக்ட்ரோஃப்ராக், யூனிஃப்ராக் என்கிறார்கள். இடம் குறைவு என்பதால் ஸ்மால் போதும்தானே? என்னிடம் இருப்பது சாதாரண டிசி கன்ட்ரோலர். ஒரு பெரிய டீசல் இன்ஜினும் ஒரு நாலு சக்கர ஷண்டரும் (யார்டில் வண்டிகளை நகர்த்தும் சின்ன இன்ஜின்) இருக்கின்றன. பாயிண்டுகளுக்கு மோட்டார் அவசியமா?

பதில்: ஸ்மால் வேண்டாம், மீடியம் வாங்குங்கள். இடம் பற்றாதே என்று நீங்கள் யோசிப்பது புரிகிறது. என் முதல் யார்டை நானும் அப்படி யோசித்துத்தான் போட்டேன். கிடைத்ததிலேயே குட்டையான பாயிண்டுகளாகப் பார்த்துப் போட்டதில், இழுக்கும்போது எல்லா வண்டியும் ஒழுங்காக வரும். பின்னால் தள்ளினால் மூன்றில் ஒன்று தடம் புரளும். யார்டு என்றாலே பாதி வேலை பின்னால் தள்ளுவதுதான்.

பெக்கோ ஸ்ட்ரீம்லைன் கோடு 100 (தண்டவாள உயரத்தைக் குறிக்கும் எண்) வரிசையில் ஸ்மால் 185 மி.மீ. நீளம், மீடியம் 219, லார்ஜ் 258. வளைவின் ஆரம் முறையே 610, 914, 1524 மி.மீ. ஆனால் மூன்றுமே பிரியும் கோணம் ஒன்றுதான், 12 டிகிரி. யார்டில் பாயிண்டுகளை ஏணிப்படி போல ஒன்றன்பின் ஒன்றாக வைக்கும்போது, அடுத்த பாயிண்ட் எங்கே வரும் என்பதை இந்தக் கோணமும் லைன்களுக்கு நடுவே நீங்கள் விடும் இடைவெளியும்தான் முடிவு செய்யும். வழக்கமான 2 அங்குல இடைவெளிக்கு, 12 டிகிரியில் ஒரு பாயிண்ட் தொடங்கும் இடத்திலிருந்து அடுத்தது தொடங்கும் இடம் 244 மி.மீ. தள்ளி வரும். ஸ்மால் வாங்கினால் நடுவில் 59 மி.மீ. துண்டுத் தண்டவாளம் வெட்டிப் போட வேண்டும். மீடியம் என்றால் 25 மி.மீ. போதும். ஆக, ஸ்மால் வாங்கி ஏணியில் மிச்சம் பிடிப்பது கடைசிப் பாயிண்டில் வரும் 34 மி.மீ. மட்டும்தான். அதற்காக வளைவை மூன்றில் ஒரு பங்கு இறுக்கிக்கொள்வானேன்? லார்ஜ் போட்டால் இந்த இடைவெளியே கொள்ளாது, லைன்கள் விலகிப் போகும்.

அமெரிக்கத் தயாரிப்புகளில் எண் 4, எண் 6 என்று இருக்கும். எண் 6 என்றால் 6 அங்குலம் போனால் 1 அங்குலம் விலகும். அது பார்க்க அழகுதான், ஆனால் ஒவ்வொரு படிக்கும் சுமார் 30 செ.மீ. கேட்கும், உங்கள் பலகைக்குக் கட்டுப்படியாகாது. அட்லஸ் கஸ்டம்லைனின் எண் 4 உண்மையில் நாலரைதான், 12.5 டிகிரி. ஆகவே அதுவும் நம் கணக்குக்கு ஏறக்குறைய ஒத்துவரும். (நம் ரயில்வேயின் கூட்ஸ் யார்டுகளில் 1-க்கு 8½ பாயிண்ட் போடுவார்கள். அதை அப்படியே சிறிதாக்கினால் உங்கள் பலகையில் பாயிண்டுகள் மட்டும்தான் இருக்கும்!)

சரி, நாலு லைன் கொள்ளுமா? 6 அடி என்பது 183 செ.மீ. மூன்று மீடியம் பாயிண்டுக்கு 71 செ.மீ. போகும். அதற்கப்புறம் பக்கத்து லைன் வண்டி இடிக்காத அளவுக்கு லைன்கள் விலக இன்னொரு 11, 12 செ.மீ. வேண்டும். தலைப்பக்கம், அதாவது முதல் பாயிண்டுக்கு முன்னால், இன்ஜினும் மூன்று வேகனும் நிற்க 56 செ.மீ. விடுங்கள். மிச்சம் 45 செ.மீ.; எச்ஓ-வில் பாக்ஸ்என் என்ற திறந்த கூட்ஸ் வேகன் ஒன்று 12 செ.மீ.க்குச் சற்று மேல் என்பதால், கடைசி லைன்களில் மூன்று வேகன்தான் நிற்கும். ஒரு லைனைக் குறைத்தால் எந்த லைனிலும் ஐந்து வேகன் நிற்கும். நானாக இருந்தால் மூன்று லைனோடு நிறுத்திக்கொள்வேன். இங்கிலாந்தில் ஆலன் ரைட் உருவாக்கிய இங்கிள்நுக் யார்டில் இரண்டே பாயிண்ட், ஐந்து வேகனுக்கு ஒரு லைன், மும்மூன்று வேகனுக்கு இரண்டு லைன். எட்டு வேகனை வைத்துக்கொண்டு அதில் மணிக்கணக்கில் ஷண்டிங் செய்கிறார்கள்.

ஃப்ராக் என்பது பாயிண்டின் நடுவே உள்தண்டவாளங்கள் இரண்டும் சந்திக்கும் மூக்கு. அந்த விஷயத்தில் உங்கள் நாலு சக்கர ஷண்டர்தான் தீர்மானிக்கும். இன்சுல்ஃப்ராக்கில் நடுமூக்கு பிளாஸ்டிக். பெரிய டீசல் கவலைப்படாமல் தாண்டிவிடும். குட்டி ஷண்டர் மெதுவாக ஊரும்போது சரியாக அங்கேதான் நிற்கும். எலக்ட்ரோஃப்ராக்கில் மூக்கும் உலோகம், அங்கேயும் கரண்ட் உண்டு. முட்டுச்சந்து லைன்களுக்கு, கரண்டை ஏணியின் தலைப்பக்கத்திலிருந்து மட்டும் கொடுத்தால் தனியாக ஒயரிங் எதுவும் வேண்டாம். பாயிண்ட் எந்த லைனுக்குத் திரும்பியிருக்கிறதோ அதற்கு மட்டும் கரண்ட் போகும். ஷண்டரை ஒரு லைனில் நிறுத்திவிட்டுப் பெரிய இன்ஜினை ஓட்டலாம். மூக்குக்கு அப்பால் எங்காவது கரண்ட் கொடுத்தீர்களோ, ஷார்ட் ஆகிவிடும். அப்போது மூக்கிலிருந்து வெளியே வரும் இரண்டு உள்தண்டவாளங்களிலும் கரண்டைக் கடத்தாத பிளாஸ்டிக் ஜாயினர் (தண்டவாள இணைப்பு) போட வேண்டும்.

கடைகளில் இப்போது எலக்ட்ரோஃப்ராக் இடத்தை யூனிஃப்ராக் பிடித்துவருகிறது. அதில் மூக்கு தனியாகப் பிரிக்கப்பட்ட சின்ன உலோகத் துண்டு. அடியில் ஒயர் தொங்கும். பிறகு வேண்டுமானால் ஒரு சுவிட்ச் வழியாக அதற்குக் கரண்ட் கொடுக்கலாம். ஒன்றை மறக்காதீர்கள்: யூனிஃப்ராக்கில் இரண்டு லைனுக்கும் எப்போதும் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். டிசிசி (ஒவ்வொரு இன்ஜினையும் தனித்தனியாக ஓட்டும் டிஜிட்டல் முறை) வைத்திருப்பவர்களுக்கு அது வசதி. உங்களைப் போல் டிசியில் ஓட்டுபவர்கள் ஒவ்வொரு லைனிலும் ஒரு தண்டவாளத்தைப் பிரித்து ஆன்-ஆஃப் சுவிட்ச் வைக்க வேண்டும். இல்லையென்றால் நிறுத்திவைத்த இன்ஜினும் சேர்ந்து கிளம்பும்.

மோட்டார் வேண்டாம். பெக்கோ பாயிண்டுக்குள்ளேயே ஸ்பிரிங் இருக்கிறது, விரலால் தள்ளினால் டக்கென்று பிடித்துக்கொள்ளும். ஓரடி அகலப் பலகையில் கை எட்டாத இடம் ஏது? அந்தக் காசுக்கு இரண்டு வேகன் வாங்கலாம். ஆனால் விரல் போக வழி விடுங்கள். பாயிண்டை ஒட்டிக் குடோன் கட்டிவிட்டு அப்புறம் மூங்கில் குச்சி தேடுபவர்கள் உண்டு.

எதையும் வாங்குவதற்கு முன், பெக்கோ இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் முழு அளவுப் பாயிண்ட் படங்களை அச்செடுத்துப் பலகையில் விரித்து, வேகன்களை மேலே நிறுத்திப் பாருங்கள். வாங்கியபின், பசை போடாமல் ஆணியால் மட்டும் பிடிக்கவைத்து, எல்லா வேகனையும் எல்லா லைனுக்கும் பின்னால் தள்ளுங்கள். ஒன்று புரண்டாலும் ஜல்லியில் கை வைக்காதீர்கள்.