கூட்டாண்மை வேண்டாம், கூட்டு போதும்

கேள்வி: உணவுப் பாதுகாப்பு, ஊட்டச்சத்து என்று சொல்லி நம் வேளாண் ஆராய்ச்சி நிலையங்கள் உலக நிறுவனங்களோடு ‘கூட்டாண்மை’ ஒப்பந்தம் போடுகின்றனவே, மலையில் அரை ஏக்கரில் கிழங்கு போடுகிறவனுக்கு அதனால் என்ன கிடைக்கும்?
– வாசகர் ஒருவர், கேத்தி, நீலகிரி.

பதில்: கூட்டாண்மை! அந்தச் சொல்லை மேற்கோள் குறிக்குள் வைத்து, இடுக்கியால் பிடித்த மாதிரி அனுப்பியிருக்கிறீர்கள். நல்ல காரியம். கையில் படாமல் இருப்பதே நல்லது.

அலுவலகத் தமிழுக்கும் எனக்கும் நடக்கும் வழக்கு இந்தப் பக்கத்து வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். “ஆண்மை என்றால் ஆளும் தன்மை ஐயா, ஆம்பளைத்தனம் அல்ல” என்று கோவைத் தமிழாசிரியர் ஒருவர் இந்த வாரமும் அஞ்சலட்டை போடுவார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆள்வது யார்? கேத்திப் பள்ளத்தாக்கில் களை எடுப்பது, கிழங்கு பொறுக்குவது, கேரட் பிடுங்கிக் கட்டுவது எல்லாம் பெண்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் படத்தில் மட்டும் ஆண்மை வரிசையாக நிற்கிறது.

எனக்கு ‘கூட்டு’ போதும். இலையில் விழுகிற கூட்டைத்தான் சொல்கிறேன். கடலைப்பருப்பையும் பூசணிக்காயையும் ஒன்றாக அடுப்பில் ஏற்றினால் என்ன ஆகும்? பூசணிக்குப் பத்து நிமிடம். பருப்புக்கு, ஊறவைத்திருந்தாலும், அரை மணியாவது வேண்டும். பூசணி கரைந்து தண்ணீராகும், பருப்பு நறுக்கென்று பல்லில் படும். அதனால்தான் பருப்பை முக்கால் பதம் வேகவிட்டுக் காயைப் போடுகிறோம். தேங்காயும் சீரகமும் அரைத்த விழுது கடைசியில். அது சேர்ந்தபின் ஒரு கொதிதான், அதற்குமேல் விட்டால் திரிந்துபோகும்.

ஆராய்ச்சிக் கூட்டில் திட்டக்காலம் பெரும்பாலும் மூன்று வருஷம், ஐந்து வருஷம். அது பூசணி. ஓர் உருளைக்கிழங்கு ரகத்தை ஒட்டுச்சேர்த்து, தேறியதைப் பொறுக்கி, பல ஊர்களில் சோதித்து வெளியிடப் பத்து வருஷத்துக்கு மேல். அது பருப்பு. உங்கள் மண்ணில் கிடக்கும், கிழங்கு வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழுவின் முட்டைக்கூடு இருபது வருஷம் சாகாமல் காத்திருக்கும். அது பருப்பில் கிடக்கும் கல். விவசாயியைக் கறிவேப்பிலை என்று சொல்லத் துடிப்பீர்கள். வேண்டாம், அந்த உவமைக்கு இந்தப் பக்கத்தில் தடை.

கல்லைப் பார்ப்போம். 1961-இல் உதகையில் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய நிபுணர் இந்த முட்டைக்கூடு நூற்புழுவைக் கண்டுசொன்னார். இரண்டு இனம். ஒன்றின் கூடு பொன் மஞ்சளாகிப் பிறகு பழுப்பாகும். இன்னொன்று வெள்ளையிலிருந்து நேரே பழுப்புக்குப் போகும். கூடு என்பது செத்த பெண்புழுவின் உடம்பு. கசகசாவில் பாதி அளவு. உள்ளே நூற்றுக்கணக்கில் முட்டை. உருளைக்கிழங்கு வேரிலிருந்து கசியும் சாறு மண்ணில் படும்வரை பெரும்பாலானவை பொரிக்காது. பயிர் நோய்ப் பாடத்தில், பூச்சிக்கும் புழுவுக்கும் இடம் தரும் செடியை ‘ஓம்புயிர்’ என்கிறார்கள். வள்ளுவர் ‘வேளாண்மை’ என்ற சொல்லை விருந்தோம்பிப் பிறருக்கு உதவுவதற்குத்தான் பயன்படுத்தினார். நம் வேளாண்மையில் அந்தப் பொருளை இன்றும் மறக்காமல் வைத்திருப்பது உருளைக்கிழங்கு வேர் ஒன்றுதான்.

1971-இல் நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கு வெளியே போகக் கூடாது என்று தடை வந்தது. அதே 1971-இல்தான் பெரு நாட்டின் லிமாவில் சர்வதேச உருளைக்கிழங்கு மையம் பிறந்தது. கிழங்கின் தாய்வீடு ஆண்டிஸ் மலை. புழுவின் தாய்வீடும் அதுவே. மருந்தும் அந்தப் பக்கமே இருக்க வேண்டும் அல்லவா? இருந்தது. தென் அமெரிக்காவின் ‘சொலானம் வெர்னி’ என்ற காட்டுக்கிழங்கின் எதிர்ப்புத் திறனைச் சேர்த்துத்தான் 1985-இல் குஃப்ரி ஸ்வர்ணா என்ற உருளைக்கிழங்கு ரகம் வந்தது. எல்லை தாண்டிய கொடுக்கல் வாங்கல் இல்லாமல் அது உதகைப் பக்கத்து முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் பாத்திக்கு வந்திருக்காது. ஆகவே, உங்கள் கேள்விக்கு முதல் பதில்: கிடைக்கும். கிடைத்தும் இருக்கிறது.

ஸ்வர்ணா இரண்டு இனத்தையும் தாங்கும் என்பது சின்ன விஷயமில்லை. இங்கிலாந்தில் ஓர் இனத்தை மட்டும் தடுக்கும் ரகங்களை வருஷக்கணக்கில் போட்டார்கள். பொன்னிறப் புழு குறைந்தது. காலியான இடத்தில் வெள்ளைப் புழு குடியேறியது. நீலகிரியிலோ இரண்டும் ஒரே தோட்டத்தில் கலந்து கிடக்கின்றன. எந்த ரகம் என்று கேட்பதற்கு முன்னால் எந்தப் புழு என்று கேட்க வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்க லிமா வேண்டாம், ஒரு வாளி போதும். தோட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து ஐம்பது அறுபது இடங்களில் மேல்மண்ணை ஒரு கரண்டி அளவு எடுங்கள். கலந்து, கால் கிலோவை மட்டும் நிழலில் நன்றாக உலர்த்துங்கள். வாளித் தண்ணீரில் கொட்டிக் கலக்கி விட்டுவிட்டால் காய்ந்த கூடுகள் மிதந்து ஓரத்தில் ஒட்டும். ஈரம் இருந்தால் மிதக்காது. ‘என் மண்ணில் புழு இல்லை’ என்று பலர் தப்பாக நினைப்பது இதனால்தான். மிதப்பதை வெள்ளைத் துணியில் வடித்து லென்ஸ் வைத்துப் பாருங்கள். நட்ட அறுபதாம் நாள் வாக்கில் செடியைப் பிடுங்காமல் மண்ணோடு தோண்டி எடுத்தால் வேரில் மணி மணியாகத் தெரியும். பிடுங்கினால் மணி உதிர்ந்துவிடும், வேர் சுத்தமாக இருக்கும், மனசும் நிம்மதியாக இருக்கும். எந்த இனம் என்பது மட்டும் நிலையத்தில் பார்க்க வேண்டிய வேலை. வடித்ததைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

இருக்கிறது என்று தெரிந்தால்? கார்போகம், கடைபோகம், நீர்போகம் மூன்றிலும் கிழங்கே போடுவதை நிறுத்த வேண்டும். மூன்று நான்கு வருஷம் முட்டைக்கோஸ், கேரட், பட்டாணி, பீன்ஸ், பூண்டு என்று மாற்றிப் போட்டால் எண்ணிக்கை இறங்கும். ஒழியாது, இறங்கும். தக்காளியும் கத்தரியும் மாற்றுப் பயிர் ஆகா, அவையும் கிழங்குக்குப் பங்காளிகள். ஊட்டச்சத்துப் பாதுகாப்பு என்று கேட்டீர்களே, அது இங்கே ஓசியில் வருகிறது. புழுவுக்குப் பயந்து போட்ட பட்டாணியும் கேரட்டும் சந்தைக்குப் போனது போக வீட்டுச் சட்டியிலும் விழும்.

சரி, ஸ்வர்ணா வந்து நாற்பது வருஷம் ஆகிறதே, அதன்பின் நீலிமா, சஹ்யாத்ரி என்று தம்பிகளும் வந்தார்களே, மலை முழுக்க அவை ஏன் பரவவில்லை? இதைத்தான் ஒப்பந்தக்காரர்கள் யாரும் கேட்பதில்லை. நெல் ஏக்கருக்கு இருபது, முப்பது கிலோ விதை. அறுப்பது இரண்டாயிரம் கிலோவுக்கு மேல். ஒரு போகத்தில் நூறு மடங்கு அளவில் பெருகும். கிழங்கு ஏக்கருக்கு ஒரு டன் விதை. எடுப்பது எட்டு, பத்து டன். பத்து மடங்குகூட நிச்சயமில்லை. புது ரகம் ஒரு மூட்டை கிடைத்தால் அது ஒரு தாலுகாவுக்குப் போதுமான விதையாகப் பல போகம் ஆகும். அதுவரை அதைக் கறி வைக்காமல், விற்காமல், வைரஸ் ஏறாமல் காப்பாற்ற வேண்டும். காகிதத்தில் ரகம் ஓடும், மூட்டையில் விதை தவழும். வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்றால், 2018-இல் இமாச்சலப் பிரதேசத்திலும் இதே புழு தென்பட்டு அங்கிருந்தும் விதைக்கிழங்குக்குத் தடை வந்தது.

சர்க்கரைவள்ளியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். 2016-இல் உலக உணவுப் பரிசு பெற்ற நால்வரில் மூவர் லிமா மையத்துக்காரர்கள். ஆப்பிரிக்காவில் ஆரஞ்சு நிறச் சதை உள்ள சர்க்கரைவள்ளியைப் பரப்பி, குழந்தைகளின் வைட்டமின் ஏ குறைவைச் சமாளித்ததற்காக. அந்தக் கூட்டு ஏன் வெந்தது? சர்க்கரைவள்ளிக்கு விதைக்கிழங்கு வேண்டாம். கொடியை வெட்டி வேலிக்கு மேலே பக்கத்து வீட்டம்மாளிடம் கொடுத்தால் ரகம் பரவிவிட்டது.

வேலி என்றதும் பழனி மலை விருப்பாச்சி வாழை நினைவுக்கு வருகிறது.   முடிக்கொத்து என்ற வைரஸ் நோய் அந்த வாழையை மலையில் ஏறக்குறையத் துடைத்தது. திசு வளர்ப்பில் வைரஸ் இல்லாத கன்று வந்தது, நல்ல விஷயம். ஆனால் வைரஸ் இல்லாத கன்று வேறு, வைரஸ் தாங்கும் கன்று வேறு. பக்கத்துத் தோட்டத்தில் இலை குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாக நிற்கும் ஒரு மரம் இருந்தால் போதும்; அசுவினிப் பூச்சி அங்கிருந்து வந்து உங்கள் கன்றுக்குக் கொடுத்துவிட்டுப் போகும். அந்த மரத்தை அப்படியே வெட்டினாலும் ஆபத்து, வெட்டு விழுந்ததும் அசுவினி கிளம்பிவிடும். முதலில் குருத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி அதைக் கொல்ல வேண்டும். பிறகு கிழங்கோடும் பக்கக் கன்றுகளோடும் தோண்டிப் பொடியாக நறுக்க வேண்டும். இதைப் பக்கத்துத் தோட்டக்காரர் செய்ய வேண்டும், உங்கள் வாழைக்காக. எந்த ஒப்பந்தத்தில் இந்தக் கையெழுத்து இருக்கிறது?

கேத்தியில் உங்கள் பக்கத்திலேயே இதே கதைதான். பாலாடாவில் கேரட் கழுவுகிறீர்கள். கேரட்டில் புழு வராது. ஆனால் கேரட்டில் ஒட்டிய மண் கிழங்குத் தோட்டத்து மண். கழுவிய தண்ணீர் ஓடையில் விழுந்து கீழ்த்தோட்டத்துக்குப் பாசனமாகப் போகிறது. மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போன சாக்கு, நாலு ஊர் மண்ணோடு திரும்பி வருகிறது. சாக்கைத் திருப்பி வாங்காதீர்கள். வாங்கியே தீர வேண்டுமென்றால் கொதிநீரில் முக்கி எடுங்கள். கழுவுநீரை ஒரு குழியில் தெளியவிட்டு, அடியில் தங்கும் சேற்றைத் தோட்டத்தில் கொட்டாமல் இருங்கள்.

குழி வெட்ட மானியம் கேட்டுப் போனால் ‘கூட்டுப் பட்டா, எல்லாப் பங்காளியும் கையெழுத்துப் போட வேண்டும்’ என்பார்கள். அந்தக் கூட்டைப் பற்றி அடுத்த இதழுக்குக் கேள்வி அனுப்புங்கள். பங்காளிகளிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.