செடிகொடி கேள்வி பதில்: பச்சையாகிப் போன குரோட்டன்ஸ்

வாசகி, பள்ளத்தூர்: ஆச்சி, சித்திரையில் நர்சரியில் ஒரு குரோட்டன்ஸ் வாங்கினேன். அப்போது சிவப்பும் மஞ்சளுமாகத் தகதகவென்று இருந்தது. பட்டாலை (வீட்டுக் கூடம்) மூலையில் வைத்த வாரமே பாதி இலை கொட்டிவிட்டது. இப்போது துளிர்ப்பதெல்லாம் வெறும் பச்சை. இரண்டு தடவை உரமும் போட்டுவிட்டேன். என்ன குறை?

உரத்தை நிறுத்துங்கள் ஆச்சி. செடிக்கு வெளிச்சம் போதவில்லை. வெயிலுக்குக் குளுகுளுவென்று இருக்கும் பட்டாலை மூலை நமக்குச் சுகம், குரோட்டன்ஸுக்கு அது இருட்டு. மலேசியா, இந்தோனேசியாப் பக்கத்துச் செடி அது. நல்ல வெளிச்சம் பட்டால்தான் இலையில் சிவப்பு ஏறும். வெளிச்சம் குறைந்தால் இலை பச்சையத்தைக் கூட்டிக்கொள்ளும், சிவப்பு அமுங்கிவிடும்.

காரைக்குடியில் எங்கள் வளவுத் (வீட்டு நடுமுற்றத்துத்) தூணோரம் ஒரு தொட்டி இருக்கிறது. வானம் பார்த்த பக்கத்து இலையெல்லாம் குங்குமம். தூணைப் பார்த்த பக்கம் நரம்பு மட்டும் மஞ்சள், மீதி பச்சை. ஒரே செடிதான்!

உங்கள் தொட்டியையும் வளவு ஓரத்துக்குக் கொண்டு வாருங்கள். ஒரேயடியாக வெயிலில் வைத்தால் இலை கருகும். பத்துப் பதினைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். காலை வெயில் 3, 4 மணி நேரம் பட்டால் நல்லது. துளிர் பச்சையாகத்தான் வரும், முற்ற முற்றத்தான் நிறம் பிடிக்கும். பொறுமையாக இருங்கள். இலை கொட்டியது இடம் மாறியதால். குச்சியை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் பிழைத்துக்கொள்ளும். ஒடித்தால் வரும் பால் கையில் அரிக்கும், வாயில் பட்டால் கெடுதல். பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது போர் தண்ணீரின் உப்பு. எங்கள் ஆயா (பாட்டி) மழை நாளில் வளவுத் தாழ்வாரத்தடியில் அண்டா வைத்துத் தண்ணீர் பிடிப்பார்கள். நான் செடிக்காக இன்றும் பிடிக்கிறேன். மேல்மண் ஒரு விரற்கணு ஆழம் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும்.

வாசகர், கோட்டையூர்: மணி பிளான்ட் இலையில் இருந்த மஞ்சள் கீற்று போய்விட்டதே?

இதற்கும் வெளிச்சம்தான். ஜன்னலோரம் மாற்றுங்கள், நேர் வெயில் வேண்டாம். முழுப் பச்சையாக ஓடும் கொடியை, கீற்று உள்ள இலை வரை வெட்டிவிடுங்கள்; விட்டால் அதுதான் வேகமாக வளர்ந்து மற்றதை அமுக்கும். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருக்கிறீர்களா? தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் ஈரம் நின்றால் வட்டமாகக் கறை விழும், எத்தனை தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தாலும் லேசில் போகாது.