டீச்சரைக் கேளுங்கள்

கேள்வி: மகன் மூன்றாம் வகுப்பு. வீட்டில் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல்தான் பேசுகிறோம். தமிழ் வீட்டுப்பாடத்தை நானே எழுதிக் கொடுக்கிறேன். தப்பா?
- ஒரு தாய், ரோஸ் ஹில், மொரீஷியஸ்

பதில்: தப்புதான், அம்மா. என் வகுப்புக்கும் இப்படி நோட்டு வரும். அம்மா எழுதிய 'ழ' அச்சடித்ததுபோல் இருக்கும். பிள்ளையின் 'ழ' வால் முளைக்காமல் நிற்கும். எனக்கு அந்த வாலில்லாததுதான் வேண்டும், திருத்தித் தரலாமே! தினம் ஐந்து சொல், பதினைந்து நிமிடம் போதும்.

கிரியோல் பேசினால் என்ன? 'கரிபுலே' நம் கறிவேப்பிலை, 'ப்ரேட் முரும்' முருங்கைக்கீரை. தைப்பூசக் காவடி விடுமுறைக்கு முன் என் பிள்ளைகள் சமையலறையிலிருந்து ஒரு தமிழ்ச் சொல்லும் அதன் படமும் கொண்டுவர வேண்டும். உங்கள் மகனும் செய்து பார்க்கட்டும். படத்தையாவது அவனே வரையட்டும், சரியா?