மரச்செக்குக்காக வீட்டுப் பத்திரத்தைக் கொடுக்கலாமா?

கேள்வி: திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் 21 வருடமாகக் கணக்கு பார்க்கிறேன். வயது 46. வெள்ளகோவில் பக்கம் என் சொந்த ஊரில் மரச்செக்கு போட்டுத் தேங்காய் எண்ணெய் ஆட்டி விற்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. கணவர் தறிக்குப் போகிறார். கடனில்லாத வீடு, பி.எஃப்.பில் 9 லட்சம், அப்பா கொடுத்த ஒரு ஏக்கர் புஞ்சை இருக்கிறது. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டமான பிஎம்இஜிபியில் 25 லட்சம் வாங்கித் தருவதாக ஒருவர் 50,000 முன்பணமும் வீட்டின் அசல் பத்திரமும் கேட்கிறார். ஜெராக்ஸ் கொடுத்துவிட்டேன். வேலையை விடலாமா?

பதில்: வேலையை விடுவது பிறகு. முதலில் அந்த ஆளை விடுங்கள்.

பிஎம்இஜிபிக்கு விண்ணப்பிக்க ஒரு பைசா கட்டணம் கிடையாது. ஆன்லைனில் நீங்களே போடலாம். மாவட்டத் தொழில் மையத்தில் உதவி செய்ய வேண்டும், அது அவர்கள் வேலை. இந்தத் திட்டத்துக்கு ஏஜென்ட் என்று யாரையும் அரசு நியமிக்கவில்லை. ஆனால் விண்ணப்பத்தையும் திட்ட அறிக்கையையும் சாதாரண ஜனங்கள் பார்த்ததும் மிரளும்படி வைத்திருக்கிறார்களே, அந்த மிரட்சியில்தான் இவர்கள் பிழைப்பு ஓடுகிறது.

கிராமத்தில் தொழில் தொடங்கும் பெண்ணுக்கு 35 சதவீத மானியம் உண்டு, சொந்தப் பங்கு 5 சதவீதம் போதும். இதை அவர் சொல்லியிருப்பார். சொல்லாதது, மானியம் கைக்கு வராது என்பதை. வங்கியில் உங்கள் பெயரில் மூன்று வருடம் டெபாசிட்டாகக் கிடக்கும். அந்தத் தொகைக்கு வட்டி தரவும் மாட்டார்கள், கடனில் அந்த அளவுக்கு வட்டி போடவும் மாட்டார்கள். மூன்று வருடம் கழித்து, செக்கு ஓடுகிறதா என்று நேரில் பார்த்த பிறகே கடனில் கழிப்பார்கள். நடுவில் நின்றுபோனால் மானியம் திரும்பிப் போய்விடலாம், அப்போது கடன் மொத்தமும் உங்கள் தலையில். 25 லட்சத்துக்கு மானியம் 8.75 லட்சம் என்று கணக்குப் போட்டு இதில் இறங்கியவர்கள் பலர், மானியத்தைக் கையில் வாங்கிச் செலவழிக்கலாம் என்று நினைத்தவர்கள்.

திட்ட மதிப்பை 10 லட்சத்துக்குள் சுருக்குங்கள். அந்தத் தொகை வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்பது விதி. வங்கி மேலாளர் "எதுக்கும் இருக்கட்டும், பத்திரத்தைக் கொண்டு வாங்க" என்பார். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன்தான். அது அவருடைய நிம்மதிக்கு, உங்களுடையதற்கு அல்ல. முடியாது என்று சொல்லுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

அசல் பத்திரத்தைக் கடனுக்காக ஒப்படைப்பதே அடமானம்தான். தவணை 90 நாள் நின்றால் வாராக்கடன். பிறகு 60 நாள் நோட்டீஸ். அதற்கப்புறம் கோர்ட் தீர்ப்பு எதுவும் இல்லாமலே வங்கிகளின் கடன் வசூலுக்கான 2002-ம் வருட சர்ஃபேசி சட்டப்படி வீட்டைக் கைப்பற்றி ஏலம் விடலாம்.

"அப்படியானால் புஞ்சையை வைக்கிறேன், விவசாய நிலத்தை ஏலம் விட முடியாதாமே" என்று அடுத்து கேட்பீர்கள். இது பாதி உண்மை. சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்தைத் தொடாது. ஆனால் பத்திரத்தில் புஞ்சை என்று எழுதியிருந்தால் போதாது, உண்மையில் அங்கே வெள்ளாமை நடக்க வேண்டும். நிலத்தில் ஷெட் போட்டுச் செக்கு நிறுத்திவிட்டால், அந்த இடத்தை விவசாய நிலம் என்று எப்படிச் சொல்வீர்கள்? வெள்ளாமை நடந்தாலும் தப்பு கணக்குப் போடாதீர்கள். அந்த ஒரு குறுக்குவழிதான் வங்கிக்கு அடைபடும். 20 லட்சத்துக்குக் கீழே என்றால் சிவில் கோர்ட், அதற்கு மேலே என்றால் கடன் மீட்புத் தீர்ப்பாயம், இரண்டிலும் வழக்குப் போட்டு அதே நிலத்தை விற்க வங்கியால் முடியும். வருடக்கணக்கில் இழுக்கும், அவ்வளவுதான். வட்டியும் கூடவே ஏறும்.

பி.எஃப்.பைத் தொடாதீர்கள். கணக்கில் இருக்கும்வரை எந்தக் கடன்காரரும் அதை ஜப்தி செய்ய முடியாது. எடுத்து மெஷினாக மாற்றிவிட்டால் அந்தப் பாதுகாப்பு போயிற்று. 10 வருடம் தாண்டிய சர்வீஸ் என்பதால் பென்ஷன் உரிமையும் இருக்கிறது. அதற்கு அத்தாட்சியான ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், 58 வயதில் உதவும்.

10 லட்சத்தில் 5 சதவீதமான சொந்தப் பங்கு 50,000க்கு, வேலையை விடும்போது முதலாளி தர வேண்டிய கிராஜுவிட்டி போதும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 18,000 என்று வைத்தால், அதை 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து 21ஆல் பெருக்குங்கள். ஏறக்குறைய 2.18 லட்சம். "அதெல்லாம் போனஸோட சேத்துக் குடுத்தாச்சு" என்பார் முதலாளி. அதை நம்பாதீர்கள், வேலையை விட்ட 30 நாளில் தந்தாக வேண்டும்.

சாங்ஷன் கடிதம் கைக்கு வரும்வரை ராஜினாமா பேச்சே வேண்டாம். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் கொப்பரை வாங்கி, வேறொருவர் செக்கில் ஆட்டக் கூலி கொடுத்து, நாலு கடைக்குப் போட்டுப் பாருங்கள். காங்கேயம், வெள்ளகோவில் வட்டாரத்தில் எண்ணெய்க்கும் செக்குக்கும் பஞ்சமில்லை. கொப்பரைக்காரர் ரொக்கம் கேட்பார், மளிகைக்கடைக்காரர் "அடுத்த மாசம் வாங்கம்மா" என்பார். இந்த இடைவெளியை உங்கள் கைக்காசு தாங்குமா என்று பாருங்கள். 2025-ல் கொப்பரை விலை எகிறியபோது எண்ணெய் ஆட்டுபவர்கள் பட்ட பாட்டை உங்கள் ஊரிலேயே விசாரிக்கலாம். தாங்கும் என்றால் விடுங்கள் வேலையை.

கொடுத்த ஜெராக்ஸுக்காக ஒரு வேலை பாக்கி: பதிவுத்துறை இணையதளத்தில் உங்கள் வீட்டுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பார்க்கக் காசில்லை. மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பாருங்கள்.