புரியவில்லை என்று சொல்வது

அன்புள்ள வி. அம்மாவுக்கு,

குமாரபாளையம் பக்கம் எங்கள் ஊர். அப்பா ஆறு விசைத்தறி போட்டிருக்கிறார். நான் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. மூன்று மாத இன்டர்ன்ஷிப்புக்காக ஜப்பானில், நகோயா பக்கம், ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலைக்கு வந்திருக்கிறேன். ஒரு மாதம் ஆகிறது.

போன வாரம் ஒரு தவறு செய்துவிட்டேன். அளவு பார்க்கும் கேஜை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக் கொடுத்தபோது பாதிதான் புரிந்தது. திரும்பக் கேட்கக் கூச்சம். தலையாட்டிவிட்டேன். அளவு தவறிய 40 பாகங்களைச் சரியென்று அடுத்த மேசைக்கு அனுப்பிவிட்டேன். மேற்பார்வையாளர் திட்டவே இல்லை. “ஏன், ஏன்” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில் நன்றி சொன்னார். நம் ஊரில் என்றால் நாலு திட்டு திட்டிவிட்டு டீ வாங்கிக் கொடுத்திருப்பார்கள். அன்றிலிருந்து சரியாகத் தூக்கமில்லை. ஞாயிற்றுக்கிழமை அறையைவிட்டு வெளியே போவதில்லை. கூட வந்தவர்கள் ஃபூஜி மலை முன்னால் நின்று போட்டோ போடுகிறார்கள். நான் இங்கிருந்து எதைக் கற்றுக்கொண்டு போகப்போகிறேன்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

‘தலையாட்டிவிட்டேன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். 1999இல் நகோயா இருக்கும் அதே ஐச்சி மாகாணத்தில் ஆறு மாதம் பயிற்சியில் இருந்தேன். முதல் இரண்டு மாதம் யார் என்ன சொன்னாலும் “வகரிமாஷ்தா”, புரிந்தது, என்பேன். மொழி தெரியாததுதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், வகுப்பில் எழுந்து சந்தேகம் கேட்டால் ‘இதுகூடத் தெரியாதா’ என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்தப் பயம் அங்கே போயும் விடவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ‘ஹை’ என்றால் ஆமாம் என்று படித்திருப்பீர்கள். பேச்சின் நடுவே அவர்கள் சொல்லும் ‘ஹை’ பல சமயம் நாம் ‘உம்’ கொட்டுவது போலத்தான். கேட்கிறேன் என்று மட்டுமே பொருள். நம் தலையாட்டலோ, ஆமாமா இல்லையா என்று அவர்களுக்குப் பிடிபடாது. இரண்டு பக்கமும் புரிந்தது என்று நினைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவோம்.

அந்த ‘ஏன்’ உங்களை நிற்கவைத்துக் கேட்ட விசாரணை இல்லை. டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ என்ற பொறியாளர் பழக்கிய முறை அது. கோளாறு ஒன்றைக் கண்டால் ஐந்து முறை ஏன் என்று கேட்க வேண்டும். அளவு ஏன் தவறியது? கேஜ் சாய்ந்திருந்தது. ஏன்? பிடிக்கத் தெரியவில்லை. ஏன்? சொல்லிக் கொடுத்தது புரியவில்லை. ஏன்? வாயால் சொன்னார்கள், படம் எதுவும் இல்லை. இங்கே வந்ததும் கேள்வி உங்களைத் தாண்டி மேசைக்குப் போய்விடுகிறது பாருங்கள். அவர் நன்றி சொன்னது இதற்காகத்தான் இருக்கும். இந்நேரம் அங்கே ஒரு படம் ஒட்டியிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

தறிக்காரர் வீட்டுப் பிள்ளை என்பதால் உங்களிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும். பள்ளிபாளையத்தில் என் மாமா வீட்டிலும் தறி ஓடியது. நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் ஓர் இழை அறுந்தால் யாராவது கண்ணால் பார்த்து நிறுத்தினால்தான் உண்டு. பார்க்கத் தவறினால் துணியில் கோடு விழுந்துகொண்டே போகும். இதே கவலை சகிச்சி டொயோடாவுக்கும் இருந்தது. 1867இல் பிறந்த தச்சர் மகன். 1891இல் ஒரு மரக் கைத்தறிக்குக் காப்புரிமை வாங்கியவர், 1924இல் மகன் கீச்சிரோவோடு சேர்ந்து ‘ஜி’ வகைத் தானியங்கித் தறியை முடித்தார். குறுக்கே ஓடும் ஊடை நூல் தீர்ந்தால், அதைக் கொண்டோடும் நாடாவை ஓட்டம் நிற்காமலே மாற்றிக்கொள்ளும். பாவோ ஊடையோ அறுந்தால் தானே நின்றுவிடும். 1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் அதன் காப்புரிமையை வாங்கியது. 1937இல் மகன் தொடங்கிய டொயோட்டா கார் கம்பெனி வந்தது. தறியில் இருந்த அந்த யோசனையும் கூடவே வந்தது. நான் அங்கே இருந்த காலத்தில் டொயோட்டாவின் லைன்களில் தலைக்கு மேலே ஒரு கயிறு ஓடும். சந்தேகம் வந்தால் எந்தத் தொழிலாளியும் இழுக்கலாம். ஆந்தோன் என்ற பலகையில் விளக்கு எரியும், குழுத் தலைவர் ஓடி வருவார். ஆந்தோன் என்பது பழைய காலத்துக் காகித விளக்கின் பெயர்.

எனக்கு அந்தக் கயிற்றைப் பிடித்துப் போயிற்று. தெரியவில்லை என்று சொல்வதையும் வேலையின் ஒரு பகுதியாகவே வைத்திருக்கிறார்கள். மூன்றாவது மாதத்தில்தான் “வகரிமாசென்”, புரியவில்லை, என்று முதல்முறை சொன்னேன். சொல்லிக் கொடுத்த பெரியவர் முகம் கொஞ்சமும் மாறவில்லை. முதலிலிருந்து தொடங்கினார், அவ்வளவுதான். அன்று விடுதிக்கு நடந்து போகும்போது அழுதேன். இத்தனை வருடம் இதற்கா பயந்தேன் என்றிருந்தது.

மொழிக்கும் அஞ்ச வேண்டாம். “வதாஷி வா கோஜோ நி இகிமாஸ்”: நான் தொழிற்சாலைக்குப் போகிறேன். சொற்கள் நம் வரிசையிலேயே நிற்கின்றன. ‘கு’ வருகிற இடத்தில் ‘நி’. கடைசியில் ‘கா’ சேர்த்தால் கேள்வி, நம் ‘போகிறீர்களா’வில் வரும் ‘ஆ’ மாதிரி. ஆங்கிலத்தில் யோசிக்காமல் தமிழில் யோசித்துப் பேசிப் பாருங்கள்.

ஃபூஜி மலை அப்புறம் இருக்கட்டும். இந்த ஞாயிறு நகோயாவிலிருந்து மெய்தெட்சு ரயிலில் ஒரே நிறுத்தம் போங்கள். பழைய நெசவாலையின் செங்கல் கட்டடத்தில் 1994 முதல் டொயோட்டாவின் தொழில்நுட்ப அருங்காட்சியகம் இருக்கிறது. அந்த ‘ஜி’ வகைத் தறி முன்னால் நின்று, அங்கே இருப்பவரிடம் இழை அறுந்தால் என்ன ஆகும் என்று ஜப்பானிய மொழியிலேயே கேளுங்கள். தப்பும் தவறுமாக இருந்தாலும் பரவாயில்லை. தறி ஓடி நிற்பதை வீடியோ எடுத்து அப்பாவுக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டு அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
வி.