வாசகர் கேள்வி – பதில்: விலையை மறைத்துச் சுவையுங்கள்

கேள்வி: மெல்பர்னில் நண்பர்கள் ஆறு பேர் மாதம் ஒருமுறை கூடி, 25 டாலருக்கு உட்பட்ட ஆஸ்திரேலியக் கலவைச் சிவப்பு ஒயின்கள் (ஒன்றுக்கு மேற்பட்ட திராட்சை இனங்களைக் கலந்து செய்தவை) ஆறினைச் சுவைத்து மதிப்பெண் இடுகிறோம். பெரும்பாலும் விலை கூடிய புட்டியே முதலிடம் பெறுகிறது. கொடுத்த காசுக்கு எது தகும் என்று அறிய எங்கள் முறையை எவ்வாறு மாற்றுவது?

பதில்: விலை தெரிந்த நாக்கு நடுநிலை தவறும், பழகிய சுவைஞர்களும் இதற்கு விலக்கல்லர். ஆகவே புட்டிகளைக் காகித உறையில் சுற்றி, எண் மட்டும் எழுதி வையுங்கள். ஒவ்வொருவரும் தம் மதிப்பெண்ணைத் தாளில் எழுதி முடிக்கும்வரை எவரும் வாய் திறக்கக் கூடாது. ஆஸ்திரேலிய ஒயின் போட்டிகளில் நெடுங்காலம் வழங்கிய 20 மதிப்பெண் முறையே உங்களுக்குப் பொருந்தும்: நிறத்துக்கு 3, மணத்துக்கு 7, வாயில் உணரும் சுவைக்கு 10. அம்முறையில் 15.5 வெண்கலம், 17 வெள்ளி, 18.5 தங்கம். இப்போது போட்டிகள் பெரும்பாலும் 100 மதிப்பெண்ணுக்கு மாறிவிட்டன. எனினும் ஓர் ஒயின் எங்கே மதிப்பெண்ணை இழந்தது என்பதைப் பழைய முறையே தெளிவாகக் காட்டுகிறது என்பது என் கருத்து.

மதிப்பெண்ணை விலையால் வகுத்துப் பார்ப்போரும் உண்டு. அதை நான் ஏற்பதில்லை. 10 டாலர் புட்டி 15 மதிப்பெண் பெற்றால் டாலருக்கு ஒன்றரை. 24 டாலர் புட்டி 18 பெற்றால் டாலருக்கு முக்கால். இக்கணக்கில் மலிவானது ஏறக்குறைய எப்போதும் வென்றுவிடும். மாறாக, மதிப்பெண் இட்டதும், உறையைப் பிரிக்கும் முன்பாக, 'இதற்கு நான் எத்தனை டாலர் கொடுப்பேன்?' என்று ஒவ்வொருவரும் எழுதுங்கள். ஆறு பேரின் சராசரி 22 டாலராக இருந்து, கடை விலை 14 ஆக இருந்தால், நீங்கள் தேடிய புட்டி அதுதான்.

கோடையில் அறை வெப்பத்திலேயே ஊற்றினால் ஆல்கஹால் மூக்கில் ஏறிப் பழமணத்தை மறைத்துவிடும். குளிர்பெட்டியில் சற்று நேரம் வைத்து, 16 முதல் 18 பாகை செல்சியஸுக்குக் கொண்டுவாருங்கள். ஆளுக்கு 30 மில்லிலிட்டர் போதும். 14.5 விழுக்காடு ஆல்கஹால் உள்ள ஒயினில் இவ்வாறு ஆறு வகை சுவைத்தால் ஏறத்தாழ இரண்டு ஸ்டாண்டர்ட் டிரிங்க் (10 கிராம் ஆல்கஹால் கொண்ட ஆஸ்திரேலிய அளவு) ஆகும். ஆளுக்கொரு புட்டியைக் காலி செய்தால் எட்டரைக்கு மேல். ஆரோக்கியமானவர்களுக்கு ஆஸ்திரேலிய வழிகாட்டுதல் கூறும் எல்லை ஒரு நாளில் 4 ஸ்டாண்டர்ட் டிரிங்க், வாரத்தில் 10. துப்புவதற்கு ஒரு பாத்திரம் வைப்பது மரியாதைக் குறைவன்று.

கேள்வி: கலவை ஒயின் என்பது மிஞ்சிய திராட்சையைத் தள்ளிவிடும் வழிதானே? ஒரே இனத் திராட்சையில் செய்தது உயர்வில்லையா?

பதில்: இல்லை. ஆஸ்திரேலியச் சட்டப்படி 'ஷிராஸ்' என்று மட்டும் அச்சிட்ட புட்டியில் 85 விழுக்காடு ஷிராஸ் இருந்தாலே போதும். எஞ்சியது வேறு இனமாக இருக்கலாம். கலவையிலோ, அளவில் மிகுந்த இனத்தின் பெயரை முதலில் எழுதியாக வேண்டும். எனவே 'ஷிராஸ் கேபர்நே'யும் 'கேபர்நே ஷிராஸ்'உம் ஒன்றல்ல.

சுருக்கமாகக் கேபர்நே எனப்படும் கேபர்நே சோவின்யோன் தொடக்கத்தில் மணமும் முடிவில் நாவற்பழம் போன்ற துவர்ப்பும் தரும். நடுநாக்கில் மட்டும் ஒரு வெறுமை தோன்றும். சதைப்பற்றுள்ள ஷிராஸ் அந்த இடத்தை நிரப்புகிறது. இது ஆஸ்திரேலியாவுக்கே உரிய சேர்க்கை என்று சொல்லத்தக்க அளவுக்கு அங்கே வேரூன்றியுள்ளது: பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தின் 'பின் 389' 1960 முதலும், யலும்பாவின் 'சிக்னேச்சர்' 1962 முதலும் இவ்விரு இனங்களிலிருந்தே உருவாகின்றன. தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோஸா, மெக்லாரன் வேல் பகுதிகளின் கிரெனாஷ், ஷிராஸ், மட்டாரோ கலவையில் மணத்தைக் கிரெனாஷும், நிறத்தையும் வாயில் உணரும் கனத்தையும் ஷிராஸும், துவர்ப்பை மட்டாரோவும் தருகின்றன. 1980-களின் நடுவில் தெற்கு ஆஸ்திரேலியாவில் அரசு உதவித்தொகையுடன் பழைய கொடிகள் பல பிடுங்கப்பட்டன. பிழைத்த கிரெனாஷ் கொடிகளுக்கு இன்று தனி மதிப்பு. இத்தகைய கலவைக்கு மதிப்பெண் இடும்போது மூன்று இனங்களும் தனித்தனியே துருத்திக்கொண்டு நின்றால் குறையுங்கள். எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்று தெரியாமல் இழைந்திருந்தால் கூட்டுங்கள்.

கேள்வி: லேபிளில் 'தென்கிழக்கு ஆஸ்திரேலியா' என்றிருந்தால் வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் அப்பெயர் உங்களுக்கு எதையும் சொல்வதில்லை. நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, டாஸ்மேனியா முழுவதும், குயின்ஸ்லாந்து, தெற்கு ஆஸ்திரேலியா ஆகியவற்றின் பகுதிகளும் அதில் அடங்கும். அதே விலையில் தெற்கு ஆஸ்திரேலியாவின் லாங்ஹார்ன் க்ரீக் என்ற பெயர் கண்ணில் பட்டால் முதலில் அதை எடுங்கள். 1974, 1975, 1976 ஆகிய மூன்றாண்டுகளும் தொடர்ந்து, மெல்பர்ன் ஒயின் போட்டியில் வழங்கப்படும் ஜிம்மி வாட்சன் கோப்பையை வென்ற, ஒயின் தயாரிப்பாளர் உல்ஃப் பிளாஸின் 'பிளாக் லேபிள்' கலவைக்குத் திராட்சை தந்த ஊர் அது. பரோஸாவுக்குள்ள புகழ் லாங்ஹார்ன் க்ரீக்குக்கு இல்லாததால் அதன் விலை இன்னும் ஏறவில்லை.