கோஹா பயிலரங்கு: இணையத்தை நம்பாதீர்கள்

வணக்கம். திருகோணமலையில் 20 நூலகர்களுக்கு ஒருநாள் கோஹா (நூலக நிர்வாக மென்பொருள்) பயிலரங்கு வைக்க வேண்டும், போன தடவை இணையம் இழுபட்டு மதியத்தோடு குழம்பிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள்.

ஒரு மடிக்கணினியில் டெபியன் (லினக்ஸ் இயங்குதளம்) போட்டு, அதில் கோஹாவை நிறுவி, ஒரு ரவுட்டரில் இணைத்துவிடுங்கள். மற்றவர்களுக்கு உலாவி மட்டும் போதும். இசட்39.50 தேடலுக்குத்தான் (பிற நூலகங்களின் பட்டியலில் தேடிப் பதிவுகளை எடுப்பது) இணையம் வேண்டும்; அதைக் கைப்பேசி இணைப்பில் நீங்களே திரையில் காட்டலாம். தமிழ் நூல்களுக்கு அதில் பெரிதாக எதுவும் அகப்படாது.

எல்லோருக்கும் முழு அதிகாரக் கணக்கைக் கொடுக்காதீர்கள். யாராவது அமைப்பை மாற்றினால் அறை முழுவதும் நின்றுவிடும். பட்டியலாக்க அனுமதி மட்டும் போதும். தொடங்குமுன் தரவுத்தளத்துக்கு ஒரு காப்புப் பிரதி எடுத்து வையுங்கள்.

உண்மையான சிக்கல் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. எங்கள் பக்கத்துப் பழைய எக்செல் பட்டியல்கள் பல அதில்தான் இருக்கும். அப்படியே ஏற்றினால் தலைப்பெல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும், தேடினாலும் கிடைக்காது. முதலில் யுனிகோடுக்கு மாற்றி, யுடிஎஃப்-8 ஆகச் சேமித்து, மார்க்எடிட் மென்பொருளில் மார்க் (நூலகப் பதிவுகளுக்கான வடிவம்) கோப்பாக்குங்கள். பிரதி விபரம் வைக்கும் 952 புலத்தில் ஏ, பி, வொய் துணைப்புலங்கள் (சொந்த நூலகம், இருக்கும் நூலகம், பிரதி வகை) மூன்றும் இருக்க வேண்டும். குறியீடுகள் கோஹாவில் உள்ளவையோடு அச்சொட்டாகப் பொருந்தவும் வேண்டும். இல்லாவிட்டால் நூல் விபரம் ஏறும், பிரதிகள் ஒழுங்காக ஏறாது. முதலில் 10 பதிவுகளை மட்டும் ஏற்றிப் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை வேண்டாம். மூதூர், கிண்ணியாவிலிருந்து வருபவர்கள் பலர் ஜும்ஆவுக்கு எழும்பிவிடுவார்கள். போயா (பௌர்ணமி விடுமுறை) நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.